இரண்டு ஆலைகளுக்கு ஒரே ரகசியம்

அன்புள்ள மனே,

கடிதத்தின் தலையில் வழக்கமாகப் போடும் அந்த மூன்று இலக்கத்தை இன்று நான் போடவில்லை. வாயால் அல்லாஹ்வின் பெயரை, பிஸ்மியை, சொல்லித்தான் பேனையை எடுத்தேன், அது போதும். ஏன் போடவில்லை என்று உனக்குத் தெரியும். இதை வாசிக்கும்போதே கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாய். சிரி மகனே, நல்லாச் சிரி. வருகிற வியாழக்கிழமை உனக்குக் கலியாணம். உம்மா கண்ணீரும் கம்பலையுமாக ஏதோ எழுதி வைத்திருக்கிறாள் என்று பயந்துவிடாதே. எனக்கு இன்று மனசு நிறைந்து கிடக்கிறது. அடுப்படியில் என் தங்கச்சிமார், உன் சாச்சிமார், கலியாணத்துக்குத் தொதல் இனிப்புக் கிண்டுகிறார்கள். நான் கிண்டினால் அடிப்பிடிக்க விட்டுவிடுவேன் என்று சொல்லி என்னைத் துரத்திவிட்டார்கள். அதனால் உன் கொம்பியூட்டர் மேசையில் வந்து இருந்து இதை எழுதுகிறேன். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்தால் இந்தக் கொம்பியூட்டரெல்லாம் நின்றுவிடும் என்று கடைத்தெருவில் கதைக்கிறார்களாம். நின்றால் நிற்கட்டும், நம் கலியாணம் அதற்கு முந்தி முடிந்துவிடும்.

வேறு ஊர்களில் பெண்ணைப் பெற்றவள்தான் அழுவாளாம். நம் பக்கத்தில் பெண்ணுக்கு வீட்டைக் கொடுத்து மாப்பிள்ளையைத் தங்களோடு எடுத்துக்கொள்வதால், அழுகிற முறை மகனைப் பெற்றவளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நம் கல்முனைக்குடிக்கும் நீ போகும் சாய்ந்தமருதுக்கும் இடையில் என்ன பெரிய தூரம்? நீ சைக்கிளை மிதித்தால் ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறுவதற்குள் வந்துவிடுவாய். ஆனாலும் உனக்குப் பெண் பேசத் தொடங்கிய நாளில் இருந்து என் நெஞ்சில் ஒரு பயம் இருந்தது, மறைக்க மாட்டேன். பின்னேரத்து அசர் தொழுதுவிட்டு நீ மில்லில் இருந்து வருவாய். நான் தேத்தண்ணி ஊற்றுவேன். பின் கதவடியில் இருந்து நாம் இரண்டு பேரும் கதைப்போம். யாரையாவது பற்றிக் கதைப்போம், எதையாவது பற்றிக் கதைப்போம், பாதி புறம்பேசுவது என்று சொல்லி இடையில் தவ்பா செய்து அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடியும் கதைப்போம். நாள் முழுவதும் நான் அந்த நேரத்துக்காகத்தான் இருந்தேன். நீ போன பிறகு அந்த நேரத்தில் நான் யாரோடு கதைப்பேன்? ஆம்பிளைப் பிள்ளை கலியாணம் முடித்துப் போனால் பெருநாளைக்குப் பெருநாள் வருகிற விருந்தாளியாகிவிடுவான் என்று உன் பெரியும்மா வேறு என்னைப் பயங்காட்டி வைத்திருந்தாள். அந்தப் பயம் எப்படிப் போனது என்று சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடிதம்.

அதற்கு முதல் உன் வாப்பா மாப்பிள்ளையாக இந்த வீட்டுக்கு வந்த கதை. வெட்கத்தில் மனிசன் கதைக்கவே மாட்டார். பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு, "போதும், வயிறு நெறஞ்சிட்டு" என்பார். நாங்களும் மெய் என்று நம்பிக்கொண்டிருந்தோம். ஒருநாள் நான் உன் மாமியின் வீட்டுக்கு எதற்கோ போனால், அடுப்படியில் குந்தி இருந்து சட்டியோடு கீரி மீன் ஆணமும் சோறும் அள்ளிக்கொண்டிருக்கிறார்! "இஞ்ச என்ன செய்யிறீங்க?" என்று கேட்டேன். "இல்ல புள்ள, ராத்தா கூப்பிட்டா, மறுக்க ஏலாமப் போயிட்டு" என்றார். அவருடைய ராத்தா, அவருக்கு மூத்தவள், அதுதான் உன் மாமி, பக்கத்தில் நின்று, "ஒவ்வொரு நாளும் மறுக்க ஏலாமத்தான் போகுது" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் சட்டி கவிழ்ந்தது. அன்றிலிருந்து அவருக்கு நான் கேட்காமலே இரண்டாம் தரம் போடத் தொடங்கினேன், இன்றைக்கு அந்த வயிற்றைப் பார். ஆகவே மகனே, அந்த வீட்டில் பசித்தால் பசிக்கிறது என்று சொல். உப்பு இல்லாவிட்டால் உப்பு இல்லை என்று சொல். மரியாதை என்று பட்டினி கிடந்து, ஒளித்து இங்கே வந்து தின்றாயோ, நானே உன்னைக் காட்டிக்கொடுப்பேன்.

இனிப் பெட்டிக் கதைக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் உனக்குத் தெரிந்தது முக்கால்வாசிதான்.

நீ கொழும்பில் படித்து முடித்துவிட்டு வந்து, வயலுக்கு நடுவில் இருக்கும் நம் நெல் மில்லுக்கு ஒரு எலக்ட்ரோனிக் தராசை வாங்கிப் போட்டாய். மில்லுக்குத் தொலைபேசி இல்லை, வீட்டுக்கும் இல்லை, மனுப் போட்டதுதான் மிச்சம். "உம்மா, மில்லுல நெல்லு நிறுத்த ஒடன வீட்டுல துண்டு அடிச்சி வரும்" என்று கம்பியில்லாமல் செய்தி அனுப்பும் ஒரு சதுரப் பெட்டியை மில்லிலும் இன்னொன்றை இந்த மேசையிலும் வைத்தாய். கொழும்பில் அனுமதி எடுத்து, இராணுவ முகாமிலும் காட்டிய பிறகுதான் கூரையில் ஏரியலை ஏற்றினாய். நான் வாயைப் பிளந்துகொண்டு பிரிண்டரைப் பார்த்தபடி நிற்கிறேன். ஒரு துண்டுக் கடதாசி வந்தது. துண்டு முழுக்கக் கேள்விக்குறியும் கொக்கியும் கோடும். "இது என்ன பாஷடா மனே?" என்று கேட்டேன். உனக்கு முகம் செத்துப்போய்விட்டது. இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் அதோடு மல்லுக்கட்டினாய். கடைசியில் குதித்துக்கொண்டு வந்து சொன்னாய்: தராசு ஒவ்வொரு எழுத்தையும் ஏழு துளியாகச் சொல்லி, எட்டாவதாக ஒரு காவல்காரனை அனுப்புகிறதாம், முந்தியவை சரியாக வந்தனவா என்று பார்க்க. பெட்டியோ எட்டையும் எழுத்தென்று நினைத்து வாசிக்கிறதாம். போதாததற்குத் தராசு ஆறுதலாகக் கதைக்கிறது, பெட்டி அவசரமாகக் கேட்கிறது. இரண்டையும் ஒரே வேகத்துக்கும் ஒரே எண்ணிக்கைக்கும் கொண்டுவந்தாய், துண்டில் "நெல் மூடை" என்று இங்கிலீசு எழுத்தில் தமிழ் வந்தது. எனக்கு உடனே உன் சின்னச் சாச்சி ஞாபகம் வந்தாள். அவள் கதைக்கிற வேகத்துக்கு அவள் மாப்பிள்ளை எப்போதும் பாதியைத்தானே பிடிக்கிறார்.

அதன் பிறகு நீ வாப்பாவிடம் வந்து, "இனி பூட்டுப் போடணும் வாப்பா. ரெண்டு பெட்டிக்கும் ஒரே ரகசிய நம்பர் குடுத்தா, வேற ஒருத்தராலயும் வாசிக்க ஏலா. ஒருத்தரும் நெனச்சும் பாக்காத நம்பரா ஒண்டு சொல்லுங்க" என்றாய். வாப்பா கண்ணை மூடி யோசித்தார். தொப்பியைச் சரிசெய்தார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உன் காதுக்குள் குனிந்து சொன்னார். கால் நூற்றாண்டு குடும்பம் நடத்தியவளுக்குச் சொல்லாத ரகசியம்! நான் இரண்டு நேரம் அவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் நேரம் தேங்காய் உடைக்க ஆள் இல்லாததால் கதைத்தேன்.

மாரி வேளாண்மை வெட்டு முடிந்து நெல் வரத் தொடங்கியது. பிரிண்டர் மூச்சு விடாமல் அடிக்கிறது. பின்னேரம் வந்த வாப்பாவிடம் நான் சந்தோசமாக, "காரைதீவுக் கந்தையா அண்ணன் திரும்பவும் நமக்கு நெல்லு போடத் தொடங்கிட்டார் போல" என்றேன். "யாரு? அந்த மனிசன் மூணு போகமா நம்மட பக்கமே வாறல்ல புள்ள" என்றார். துண்டை எடுத்துக் காட்டினேன். பெயர் அடித்திருக்கிறது, மூடை அடித்திருக்கிறது. எண்ணிப் பார்த்தால் வந்த துண்டுகளில் பாதி நம் மில்லில் நிறுத்தவையே இல்லை. வாப்பாவுக்கு வேர்த்துவிட்டது. சாய்ந்தமருது ஹாஜியாரும் அண்மையில் இதே மாதிரிப் பெட்டி வாங்கியிருக்கிறார் என்பது ஊரறிந்த கதை. நம் மில்லுக்குப் போட்டி மில் அவருடையதுதான். பள்ளிவாசலில் சலாம் சொல்வதோடு சரி, அவரும் வாப்பாவும் மற்றப்படி ஒரு வார்த்தை கதைப்பதில்லை. அவருடைய கணக்கு நம் வீட்டில் அடிக்கிறது என்றால், நம் கணக்கு எங்கே அடிக்கிறது?

அன்றைக்கு உன் வாப்பா நடந்துகொண்டதை நீ ஆயுளுக்கும் மறக்கக் கூடாது. போட்டிக்காரனின் நெல் யார் யாரிடம் இருந்து வருகிறது என்ற முழு விவரமும் மடியில் விழுந்திருக்கிறது. கந்தையா அண்ணனுக்குப் பின்னால் போய் அவரை இழுத்துக்கொள்ள ஒரு சொல் போதும். வாப்பா அந்தத் துண்டுகளைப் பிசுக்கோத்து டின்னில் போட்டு மூடி, "இது அமானிதம், மனே, நம்மட கையில நம்பி விட்ட பொருள். அடுத்தவன்ட கதவு தொறந்து கெடந்தா உள்ள பாக்கலாமா? கொண்டு போய்க் குடுத்திட்டு வா" என்றார். உள்ளே கிடந்த பெயர்களில் ஒன்றைக்கூட அவர் பிறகு வாயால் சொல்லவில்லை. நான்தான் ஒன்றிரண்டை வாசித்துத் தொலைத்துவிட்டேன், அல்லாஹ் மன்னிக்கட்டும்.

நீ டின்னைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனாய். அங்கே நடந்ததை நீ வந்து சொன்னது அரை, பிறகு ஹாஜியாரின் பொஞ்சாதி சொன்னது அரை. ஹாஜியார் உன்னைக் கண்டதும் உள்ளே போய் ஒரு தலகாணி உறையைத் தூக்கிக்கொண்டு வந்தாராம். அதற்குள் நம் துண்டுகள், கட்டுக் கட்டாக நூல் போட்டுக் கட்டி! அவரும் யாரிடம் எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்திருக்கிறார். "நீங்க பூட்டுப் போடல்லயா?" என்று நீ அவரிடம் கேட்டிருக்கிறாய். திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து, "பூட்டு நான்தான் போட்டன். வேகம், துளி, காவல்காரன் எல்லாம் சரியாத்தான் இரிக்கி. ஒங்கட பூட்டப் பாருங்க" என்று ஒரு பொம்பிளைப் பிள்ளையின் குரல். அதுதான் ஹாஜியாரின் மகள் றிஸ்வானா, கல்முனையில் கொம்பியூட்டர் வகுப்புக்குப் போய்ப் படித்துவிட்டு அந்த வீட்டுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டவள். "ரெண்டு பூட்டும் ஒண்டா இருந்தாத்தான் இப்பிடி வரும். ஒங்கட நம்பர் என்ன?" என்று நீ கேட்க, "ரகசியம் எண்டா ரகசியம்தான்" என்று அவள் மறுத்துவிட்டாள். கடைசியில் ஹாஜியாரே நடுவர். ஒரு துண்டின் பின்பக்கத்தில் நீ எழுதினாய், ஒன்றில் அவள் எழுதினாள். ஹாஜியார் இரண்டையும் வாங்கி மேசையில் வைத்துப் பிரட்டினார்.

இரண்டிலும் 786.

ஒருத்தரும் நினைத்தும் பார்க்காத நம்பராம்! கடிதத்தின் தலையில், கடைப் பலகையில், லொறியின் நெற்றியில், நம் ஊரில் பிஸ்மில்லாவுக்குப் பதிலாக எழுதாத இடம் உண்டா? இரண்டு மில்காரரும் பிள்ளைகளின் காதுக்குள் ஊதிய பரம ரகசியம் அதுதான். ஹாஜியார் சிரித்துச் சிரித்துச் சாறனால் கண்ணைத் துடைத்தாராம். நீ வந்து சொன்னபோது வாப்பா சிரிக்கவில்லை. "அப்ப அவரும் பிஸ்மி சொல்லித்தான் தொடங்கியிரிக்கார்" என்று மட்டும் சொன்னார். அவர் குரல் இளகிப்போயிருந்தது.

யார் மாற்றுவது? "நாங்க மாத்துறம், அந்தப் புள்ள சரியாத்தானே செஞ்சிரிக்கி" என்று வாப்பா விட்டுக்கொடுத்தார். நீ அவசரக்காரன், வீட்டுப் பெட்டியை முதலில் மாற்றிவிட்டாய். மாற்றியதும் மில் பெட்டிக்கு நம் பேச்சே விளங்காமல் போய்விட்டது. இங்கிருந்தே இரண்டையும் மாற்றியிருக்கலாம், தூரத்தில் உள்ளதை முதலில் மாற்றிவிட்டு வீட்டில் உள்ளதைப் பிறகு மாற்ற வேண்டும் என்று தலையில் அடித்துக்கொண்டு, கொட்டுகிற மழையில் மில்லுக்குப் போனாய். இதை நன்றாக மனதில் வை, மகனே. தூரத்தில் உள்ளதை முதலில் மாற்றுவது பெட்டிக்குச் சரி, பொஞ்சாதிக்குச் சரிவராது. அங்கே உன்னைத்தான் முதலில் மாற்ற வேண்டும். பிறகு மற்றதை மாற்றத் தேவையில்லை என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அன்று பின்னேரம் பிரிண்டர் அடித்தது. மறுபடியும் ஹாஜியாரின் நெல்! என்ன நடந்தது என்றால், அதே நாளில் ஹாஜியாரும் நமக்கு விட்டுக்கொடுத்து மாற்றியிருக்கிறார். அவரும் யோசித்து, வாப்பாவும் யோசித்து, இரண்டு பேரும் 313 போட்டிருக்கிறார்கள். பத்ர் போரில் நின்ற நபித் தோழர்களின் தொகை. இனி எந்த நம்பர் வரும் என்று எனக்கே ஒரு பட்டியல் மனதில் ஓடியது. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு பள்ளி வாசலில் ஹாஜியார் வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு தரம் எண்டா தற்செயல். ரெண்டு தரம் எண்டா அல்லாஹ்ட நாட்டம். நம்பரப் புள்ளயள் பாத்துக்கொள்ளட்டும், நாம வேற கதை கதைப்பம்" என்றாராம். அந்த வேறு கதைதான் இப்போது தொதலாகக் கிண்டப்படுகிறது. நீயும் அவளும் ஆளுக்கொரு நம்பர் போட்டீர்கள், எங்களுக்குச் சொல்லாமல். "ரெண்டும் ஒண்டாகிடக் கூடாது, செக் பண்ணிட்டு வாறன்" என்று சொல்லி நீ எத்தனை தரம் சாய்ந்தமருதுக்குப் போனாய்! ஒரு நம்பரை எத்தனை தரமடா செக் பண்ணுவது? அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

இனி உனக்குத் தெரியாத கால்வாசி. நிச்சயம் பேசி நாங்கள் பெண்ணுக்குக் காப்புப் போடப் போனோமே, அன்றைக்கு எனக்குச் சந்தோசத்துக்குள்ளும் அந்தப் பயம் முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்தது. இந்தப் பிள்ளை என் பிள்ளையின் கதையை எடுத்துக்கொண்டு போகப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டுதான் அவள் கையைப் பிடித்தேன். கண் கலங்கியிருக்க வேண்டும். அவள் முக்காட்டை என் பக்கம் சாய்த்து, காதுக்குள், "மாமி, அசருக்குப் பொறகு மில்லு பூட்டின ஒடன வீட்டுப் பெட்டிய மொதல் நம்பருக்கு மாத்துங்க. நானும் மாத்துறன். நாம கதைப்பம்" என்றாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பை அடக்க ஏலாமல் தொண்டையைச் செருமினேன்.

நீ செய்வதைப் பின்னால் நின்று எத்தனை தரம் பார்த்திருப்பேன்! மறுநாள் நீ குளிக்கப் போன நேரத்தில் இந்தக் கதிரையில் வந்து இருந்தேன். வேகத்தையும் துளியையும் தொடவில்லை, பூட்டை மட்டும் மாற்றினேன். 786. இங்கிலீசு எழுத்தில் தமிழாக, "அஸ்ஸலாமு அலைக்கும் மகள்" என்று அடித்தேன். பிறகு பிரிண்டர் கிரீச் என்றது: "வஅலைக்குமுஸ்ஸலாம் மாமி. தேத்தண்ணி குடிச்சிட்டீங்களா?" மனே, அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழுதேன், சந்தோசத்தில்.

அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் கதைதான். உனக்கு முருங்கை இலை பிடிக்காது, வெறுஞ் சோற்றில் எருமைத் தயிரும் சீனியும் போட்டால் கோபம் ஆறிவிடும், கோபம் வந்தால் சைக்கிளைத் துடைப்பாய், எல்லாம் அவளுக்குத் தெரியும். "அவர் சிரிக்கக்குள்ள ஏன் மாமி வாயப் பொத்துறார்?" என்று ஒருநாள் கேட்டாள். சின்ன வயதில் மதகில் இருந்து வாய்க்காலுக்குப் பாய்ந்து முன்பல்லை உடைத்துக்கொண்ட கதையைச் சொன்னேன். "எனக்கு அந்தப் பல்லுதான் விருப்பம், பொத்த வேணாம் எண்டு சொல்லுங்க" என்று அடித்து அனுப்பினாள். இதோ, சொல்லிவிட்டேன். ஒருநாள் நான் நம்பரைத் திரும்ப மாற்ற மறந்துவிட்டேன். காலையில் மில் துண்டு ஒன்றும் வரவில்லை. நீ கூரையில் ஏறி ஏரியலை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருக்க, நான் கீழே ஓடிவந்து இருந்து நம்பரைப் போட்டேன். நீங்கள் ஒளித்த நம்பரா? திரையில் மாற்றும்போது பழையதை முதலில் காட்டும் என்பது உம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்தாயா? நீ இறங்கி வந்து, "பாத்தீங்களா உம்மா, ஏரியல்ட வேலதான். சரியாக்கிட்டன்" என்று நெஞ்சை நிமிர்த்தினாய். "மாஷா அல்லாஹ், கெட்டிக்காரன்" என்று சொல்லி உனக்கு முட்டை பொரித்துத் தந்தேன். வாப்பாவுக்கு முதலில் இருந்தே தெரியும். பேப்பர் பார்ப்பது போல் பக்கத்தில் இருந்துவிட்டு, "புள்ளைக்கு என்ட சலாத்தயும் சொல்லு" என்பார்.

ஆகவே வியாழக்கிழமை நீ மாப்பிள்ளைக் கோலத்தில் வாசலைத் தாண்டும்போது, உம்மா பாவம் என்று திரும்பித் திரும்பிப் பார்க்காதே. போய்ச் சேர்ந்த நாளில் இருந்து அந்த வீட்டையும் உன் வீடாக நினை. ஹாஜியாருக்குக் காது கொஞ்சம் மந்தம், சத்தமாகக் கதை, ஆனால் ஏசுவது போல் கதைக்காதே. அவர்கள் மில்லுக்கும் உன் மூளையைக் கொடு, நம் மில்லையும் மறந்துவிடாதே, ஒரு மில்லின் கணக்கை மற்ற மில்லில் வாயைத் திறக்காதே. உன் வாப்பா டின்னை மூடினாரே, அதுதான் உனக்கு நான் தருகிற சீதனம்.

நேற்றுப் பின்னேரம் றிஸ்வானா கடைசியாக ஒன்று கேட்டாள்: "கலியாணத்துக்குப் பொறகும் நம்பர மாத்தாம வெச்சிரிப்பமா மாமி?" ஓம் என்று அடித்தேன். அதனால் இப்போதே உனக்குச் சொல்லி வைக்கிறேன். அங்கே அசர் தொழுதுவிட்டு வருவாய், உன் பொஞ்சாதி பெட்டிக்கு முன்னால் இருப்பாள், பிரிண்டர் அடிக்கும். என்ன வந்திரிக்கி என்று எட்டிப் பார்க்காமல் அடுப்படிக்குப் போய், இரண்டு பேருக்கும் தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு வா. அவள் கோப்பையைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கொஞ்சம் அங்கால தள்ளி நில், மனே. எங்களுக்குக் கதை இரிக்கி.

உன் உம்மா